பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்

கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டிப் பகுதிகளின் திராட்சைத் தோட்டங்களில் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும், கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களில் களையறுக்கும் இயந்திரமும், 1980-இல் அறிமுகமாகி வாழைத்தார் முதல் பால்கேன் வரை சுமந்து கம்பம் பள்ளத்தாக்கின் பாதி வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட டிவிஎஸ் 50 மொபெட்டும் பார்வைக்கு வெவ்வேறானவை என்றாலும், அவற்றின் உள்ளே நெடுங்காலமாக இயங்கிவருவது டூ-ஸ்ட்ரோக் எனப்படும் ஒரே வகை எஞ்சின்தான். கடலோர நாட்டுப்படகுகளின் பின்புறம் தொங்கும் பழைய வெளிப்பொருத்து மோட்டார்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே குளிர்விப்பது தண்ணீர், இங்கே காற்று என்ற வேறுபாட்டைத் தவிர, இவற்றைக் கொல்லும் நோய் பெரும்பாலும் ஒன்றே. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சின் ஓடுவதே அந்நோய். பட்டறைகளில் இதை 'லீன்' என்றும், காரணம் காற்றுக்கசிவாக இருந்தால் 'ஏர் இழுக்குது' என்றும் சொல்வர்.

இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது தலைப்பக்கத்தில் உள்ள கலவையை அழுத்துவதோடு, கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் புதிய கலவையை உறிஞ்சவும் செய்கிறது. எரிதலின் விசையால் கீழே இறங்கும்போது, அறைக்குள் வந்த கலவையைப் பக்கத் துளைகளின் வழியே மேலே தள்ளிவிடுகிறது. கிராங்க் அறையே பம்பாகவும் வேலை செய்வதால் அதில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. எனவே லிட்டருக்கு 20 மி.லி., அதாவது ஐம்பதுக்கு ஒன்று என்பது போன்ற விகிதத்தில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறார்கள். பேரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உராய்வு தடுக்கும் பூச்சு கிடைப்பது இந்த ஒரே வழியில்தான்.

ஆக, 'கலவை' என்ற ஒரே சொல் இங்கே இரண்டு பொருள்களைச் சுமக்கிறது: ஒன்று டேங்கில் நிகழும் ஆயில்–பெட்ரோல் கலவை, மற்றொன்று கார்புரேட்டரில் நிகழும் காற்று–பெட்ரோல் கலவை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால், எஞ்சின் சூடாகிறது என்றதும் பலர் கூடுதலாக ஆயில் ஊற்றிவிடுகிறார்கள். கார்புரேட்டரின் சிறு துளையான ஜெட் வழியே செல்லும் திரவத்தின் அளவு ஏறத்தாழ மாறாதது. அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், காற்றுக்கு எதிரே எரிபொருள் மேலும் மெலியும். மருந்தென்று ஊற்றியது நோயைக் கூட்டுகிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு ஆற்றல் வேண்டும்போது 12.5 முதல் 13 கிராம் காற்று என்ற அளவில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டியே தருவர், ஏனெனில் ஆவியாகும் பெட்ரோல் எஞ்சினின் உட்புறத்தைக் குளிர்விக்கவும் செய்கிறது. பெட்ரோல் குறையும்போது இந்தக் குளிர்ச்சியும் அதனுடன் வரும் ஆயிலும் சேர்ந்தே குறைகின்றன. அலுமினிய பிஸ்டன், இரும்பு சிலிண்டரைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும் தன்மையுடையதால், இரண்டுக்கும் இடையிலான மெல்லிய இடைவெளி அடைபட்டு, புகைபோக்கித் துளை இருக்கும் சூடான பக்கத்தில் முதலில் உரசி, பின் பிடித்துக்கொள்கிறது. 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்பது இதுதான்.

இந்நோயின் கொடுமை என்னவெனில், சாகும் முன் எஞ்சின் மிகச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோலத் தோன்றுவதே. புகை குறைந்து, ஒலி கூர்மையாகி, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே தணியாமல் ஓரிரு நொடி மேலேயே நின்று இறங்கும். திடீரென முறுக்கினால் திணறும். சிலநேரம் கார்புரேட்டர் வழியே 'டப்' என்று பின்னோக்கி வெடிக்கும். அப்போது சோக்கைப் பாதி மூடிப் பார்ப்பது எளிய சோதனை: எஞ்சின் தெளிந்து இழுத்தால் பெட்ரோல் பற்றவில்லை என்று பொருள். அடுத்த சாட்சி ஸ்பார்க் பிளக். சுமையுடன் முழு வேகத்தில் ஓடிய எஞ்சினை அப்படியே அணைத்துக் கழற்றிப் பார்த்தால், மையத்தில் உள்ள பீங்கான் லேசாக வறுத்த காப்பிக்கொட்டையின் வெளிர்பழுப்பில் இருப்பது நலம். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, நுண்ணிய மணிகள் ஒட்டியிருந்தால் அலுமினியம் உருகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

குறை தோன்றும் வேகமே காரணத்தின் இருப்பிடத்தையும் காட்டும். மெதுவான ஓட்டத்தில் மட்டும் திணறினால் ஸ்லோ ஜெட்டிலும், முழு வேகத்தில் மட்டும் என்றால் மெயின் ஜெட்டிலோ பெட்ரோல் வரும் வழியிலோ அடைப்பைத் தேட வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளை மண்ணால் அடைபட்டிருந்தாலும், சிறிது நேரம் நன்றாக ஓடியபின் பெட்ரோல் இறங்காமல் போகும். எல்லா வேகத்திலும் குறை இருந்து, ஐடில் வேகமும் நிலைகொள்ளாமல் அலைந்தால், கார்புரேட்டருக்குப் பின்னே எங்கோ காற்று நுழைகிறது. இணைப்புகளைச் சுற்றிச் சோப்பு நீரைச் சொட்டும்போது ஒலி மாறும் இடமே கசிவின் இடம். ஆனால் கிராங்க் தண்டின் மேக்னெட்டோ பக்கத்து ஆயில் சீல் கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் கெட்டிப்பட்டு அதன் விளிம்பு தண்டை விட்டு விலகியிருக்க, கார்புரேட்டரின் வெளியிலுள்ள ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டுவது கசிவை மறைக்குமே தவிர நீக்காது.

பள்ளத்தாக்கின் நில அமைப்பும் இதில் பங்கு கொள்கிறது. போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்க, போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேலே நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைய, அதற்கேற்பப் பெட்ரோல் குறையாததால் கலவை ஐந்து விழுக்காடு அளவுக்குத் தடித்துவிடுகிறது. மலைத் தோட்டத்தில் புகைகிறது என்று பெட்ரோலைக் குறைத்து வைத்த இயந்திரத்தை, கீழே கொண்டுவந்து கோடை வெயிலில் நாள்முழுதும் முழு வேகத்தில் மருந்தடிக்க விட்டால், அடர்ந்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு இருபது விழுக்காட்டை எட்டியிருப்பதும் இதே திசையில்தான் தள்ளுகிறது: எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும் என்பதால், பழைய ஜெட் தரும் அளவு இப்போது மெலிந்த கலவையாகிறது.

இறக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குமுளியிலிருந்து லோயர்கேம்ப்புக்கு ஆக்ஸிலேட்டரை முழுதும் மூடி இறங்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது, ஆயிலோ மிகக் குறைவாகவே வருகிறது. சுவீடனின் சாப் நிறுவனம் தன் டூ-ஸ்ட்ரோக் கார்களில், காலெடுத்தால் எஞ்சின் சக்கரத்திலிருந்து விடுபடும் அமைப்பை வைத்ததற்கு இதுவே காரணம். அவ்வமைப்பு இல்லாத வண்டியில் அவ்வப்போது சற்றே முறுக்கிவிடுவது அவசியம்.

வெளுத்த பிளக்கைக் கண்டபின் 'இந்த ஒரு டேங்க் மட்டும் அடித்துவிடுவோம்' என்று தொடராமல், எஞ்சினை அங்கேயே நிறுத்தி, டேங்க் மூடி, ஜெட், இணைப்புகள், ஆயில் சீல் என்ற வரிசையில் பார்த்து, ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொட வேண்டும்.