"வடமாநில இளைஞர் கைது": அந்த முதல் வார்த்தை எதுக்கு?

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு டீக்கடையில நின்னா தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் காதுல விழும். அதே ஊர்ல ஒரு செல்போன் திருட்டுப் போனா, வாட்ஸ்அப்ல வர்ற வரி "வடமாநில இளைஞர் கைது". திருடினவர் உள்ளூர்க்காரரா இருந்தா வெறும் "இளைஞர் கைது". ஒரு சம்பவத்தைச் சொல்லும்போது சம்பந்தப்பட்டவர் எந்த இனம், எந்த மாநிலம்னு சொல்லணுமா? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

சில நேரம் கண்டிப்பா சொல்லணும். 2016 செப்டம்பர் 12, காவிரிப் பிரச்சினையில பெங்களூருல கலவரம். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைத் தேடித் தேடித் தாக்கினாங்க. டிப்போல நின்ன பஸ்களை எரிச்சாங்க. "சில வண்டிகள் எரிக்கப்பட்டன"ன்னு மட்டும் எழுதியிருந்தா அது பாதிச் செய்திதான். ஏன் எரிச்சாங்கங்கிற கேள்விக்கு அந்த நம்பர் பிளேட்தான் பதில்.

இப்போ இன்னொண்ணு. 2025 நவம்பர்ல ஓசூர் பக்கத்துல பெண் தொழிலாளர் விடுதி ஒண்ணுல, குளியலறையில ரகசிய கேமரா இருந்ததா புகார். ஆயிரக்கணக்கான பெண்கள் போராட்டத்துல இறங்கினாங்க. கைதான பெண் ஒடிசாவைச் சேர்ந்தவர்னு செய்தி வந்தது. ஆனா அங்க தங்கியிருந்தவங்களுக்குத் தெரிய வேண்டியது வேற. வீடியோ யார் கைக்குப் போச்சு? மத்த அறைகளைச் சோதிச்சாங்களா? இதுக்கெல்லாம் "ஒடிசா" பதில் இல்லை. பாதிக்கப்பட்ட பக்கமும் வெளிமாநிலப் பெண்கள் இருந்தாங்க. அந்த முத்திரை அவங்க மேலயும்தானே விழும்?

முத்திரை தப்பா விழுந்தா என்ன ஆகும்னு 2023 மார்ச்ல பார்த்தோம். தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு வீடியோக்கள் பரவுச்சு. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு ரெண்டு வீடியோவைக் குறிப்பிட்டு மறுத்தார். ஒண்ணு திருப்பூர்ல பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளயே மோதிக்கிட்டது. இன்னொண்ணு கோவையில உள்ளூர்க்காரங்க சண்டை. அதுக்குள்ள விஷயம் பீகார் சட்டமன்றம் வரைக்கும் போயிடுச்சு. அந்த அரசு அதிகாரிகள் குழுவையே இங்க அனுப்பிச்சது. சண்டை நடந்தது உண்மை, யாருக்கும் யாருக்கும்ங்கிறதுதான் பொய்.

பத்திரிகை உலகத்துல இதுக்கு விதி இருக்கு. பிரிட்டன் ஆசிரியர் நெறிமுறையின் 12-வது பிரிவு, இனம், நிறம், மதம் போன்ற விவரங்கள் செய்திக்கு உண்மையிலேயே தொடர்பா இருந்தாதான் சொல்லணும்ங்குது. நம்ம பிரஸ் கவுன்சிலும் சாதி அடையாளத்தைப் பொதுவா தவிர்க்கச் சொல்லுது, அதுவும் இழிவுபடுத்துற சூழல்ல.

"தப்பிச்சு ஓடினவரைப் பிடிக்கணுமே, அடையாளம் சொல்ல வேண்டாமா?"ன்னு கேட்கலாம். சொல்லுங்க: உயரம், சட்டை நிறம், பைக் நம்பர். "வடமாநிலத்தவர்"னு மட்டும் சொன்னா, ஷிப்ட் முடிஞ்சு நடந்து போற எல்லாருமே சந்தேகத்துக்கு ஆளாகிடுவாங்க.

ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. அந்த வார்த்தையை எடுத்துட்டு "ஓசூர்க்காரர்"னு போட்டுப் படிங்க. "இதை எதுக்குச் சொல்றாங்க?"ன்னு தோணுச்சுன்னா, அதை எடுத்துடுங்க. நாளைக்கு பெங்களூருல ஒரு டிஎன் 70 வண்டி யாரையாவது இடிச்சா, "டிரைவர் தூங்கிட்டார்"னு செய்தி வரணுமா, "தமிழன் இடிச்சான்"னு வரணுமா? பார்டருக்கு அந்தப் பக்கம் போனா நாமளும் வெளிமாநிலத்தவர்தான்.