பூக்க மறுக்கும் கோஸ்

ஓசூர் வட்டாரத்தில், தொரப்பள்ளி தொடங்கி கெலமங்கலம், தளி வரை, முட்டைக்கோஸ் அறுத்து முடிந்த வயலை ரொட்டவேட்டர் ஓட்டும் முன் கவனித்தால், தலை வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் சாகாமல் நிற்பது தெரியும். கட்டையின் கணுக்களிலிருந்து பக்கத்தளிர்கள் கிளம்பும். சில வாரங்களில் ஒரே கட்டையில் நான்கைந்து சின்னக் கோசுகள் உருளத் தொடங்கும். சந்தையில் அவற்றுக்கு விலை கிடையாது. எனவே உழுது மூடிவிடுவார்கள், இல்லையென்றால் மாட்டை விட்டு மேய்ப்பார்கள். ஏக்கர் கணக்கில் பயிரிடுபவருக்கு அது சரியான முடிவுதான். ஆனால் கொல்லையில் பத்துச் செடி வைத்திருப்பவரும் அதே பழக்கத்தைப் பின்பற்றி, அறுத்த செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடி குழித்தட்டு நாற்று வாங்குகிறார். அவர் எறிவது, பல ஆண்டு காய்க்கும் கோஸ் வேண்டுமென்று சிலர் கடல் கடந்து தேடும் அதே பொருள் என்பது என் வாதம்.

அப்படித் தேடப்படுவதில் பெயர்பெற்றது இங்கிலாந்தின் பழைய தோட்ட ரகமான 'நைன் ஸ்டார்'. நடுவில் ஒரு சிறிய வெள்ளைப் பூவும், சுற்றிலும் அதைவிடச் சிறிய பல பூக்களும் வைக்கும். விதை பிடிக்க விடாமல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தால் அடுத்த ஆண்டும் வளர்ந்து, மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கும். கேட்கும்போது ஆசை வருவது இயல்பே. ஆனால் அந்தச் செடி பூ வைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குளிர்காலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும். கோஸ் குடும்பத்தின் பெரும்பாலான ஐரோப்பிய வகைகள், தண்டு ஓரளவு தடித்த பின், ஏறத்தாழ பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே பல வாரங்கள் தொடர்ந்து இருந்தால்தான் பூக்கும் பருவத்துக்குத் திரும்புகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தமிழ்நாட்டுச் சமவெளியை விடக் குளிர்ந்த ஊர்தான். ஆனாலும் மார்கழி இரவில் உடல் நடுங்குவது வேறு, செடி கேட்கும் நீண்ட குளிர் வேறு. அந்த விதையை இங்கே விதைத்தால் இலை தழைக்கும், பூவை எதிர்பார்க்க முடியாது.

செடி குளிரை எப்படி உணர்கிறது என்பது இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. கடுகுக் குடும்பத்தில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதற்கு எதிரான பூட்டாகச் செயல்படுகிறது. நீண்ட குளிர் அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஓராண்டுச் செடியில் ஒருமுறை திறந்த பூட்டு மீண்டும் மூடுவதில்லை. எல்லாத் தளிரும் பூவாக மாறி, விதை முற்றி, செடி மடிகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டு மலைச்செடி அராபிஸ் ஆல்பைனாவை ஆராய்ந்த ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர், அதில் குளிர் நீங்கியதும் பூட்டு திரும்ப மூடிக்கொள்வதை 2009இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அதனால் சில கிளைகள் பூத்து முடிந்தாலும் மற்றவை அடுத்த ஆண்டுக்காக இலையாகவே காத்திருக்கின்றன. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் முக்கியமானது. எல்லாத் தளிரையும் பூவாக்கிவிடாமல் வைத்திருக்கும் செடியே அடுத்த ஆண்டைப் பார்க்கிறது. அராபிஸ் அதை மரபணுவால் சாதிக்கிறது. ஓசூரில் நிற்கும் முட்டைக்கோசுக்கோ தட்பவெப்பமே அதைச் செய்து கொடுத்துவிடுகிறது, ஏனென்றால் இங்கே பூட்டைத் திறக்கும் குளிர் வருவதேயில்லை.

இது வெறும் ஊகமல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் மில்லர் 1929இல் வெளியிட்ட ஆய்வில், வெதுவெதுப்பான கண்ணாடிக்கூடத்தில் வைக்கப்பட்ட முட்டைக்கோஸ் செடிகள் பூந்தண்டு விடாமல் இலைப்பருவத்திலேயே தொடர்ந்தன. ஜிம்பாப்வேயில் 'கோவோ', 'ருகாரே' என்ற தலை உருளாத கோஸ் வகைகளைச் சிறு விவசாயிகள் விதையில்லாமல், தண்டை வெட்டி நட்டே பெருக்கி வருகிறார்கள். கீழிலையைப் பறிக்கப் பறிக்க மேலே தளிர்த்துக்கொண்டே போகும். காஷ்மீர் வீடுகளின் அன்றாடக் கீரையான 'ஹாக்' இவற்றுக்கு நெருங்கிய உறவு. காஷ்மீரில் குளிர் அதைப் பூக்க வைத்துவிடும்; இங்கே அந்தத் தொல்லை இருக்காது.

பெருக்கும் முறையை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மர முருங்கையைப் போத்து நட்டு வளர்க்கிறோம், பி.கே.எம்-1 செடிமுருங்கையை வெட்டிவிட்டு மறுதாம்பு விடுகிறோம். கோசுக்கும் அந்த இரண்டும் பொருந்தும். தலையை வெட்டும்போது கீழே நான்கைந்து பச்சை இலைகளை விட்டுவைக்க வேண்டும், கட்டைக்குச் சோறு போடுவது அவைதான். தளிர் விரல் நீளம் வந்ததும், அடித்தண்டின் ஒரு சிம்பு ஒட்டிவருமாறு கத்தியால் எடுத்து, அடியிலைகளை நீக்கி, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில் நிழலில் ஊன்றினால் மூன்று வாரத்தையொட்டி வேர் பிடிக்கும். காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் பாதி வேலை. இன்னொரு நன்மையும் உண்டு. இன்று கிடைக்கும் நாற்றுகள் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் குணம் பிரிந்துவிடும். பல ரகங்கள் மகரந்தமே இல்லாதபடி உருவாக்கப்பட்டவை. போத்தில் அந்தச் சிக்கல் கிடையாது, தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும்.

வலுவான மறுப்பு பூச்சி, நோய்த் தரப்பிலிருந்து வருகிறது. கோஸ் ஆண்டு முழுக்க நின்றால் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு இடைவெளியே இல்லாமல் உணவு கிடைக்கும். டி.டி.டி. பூச்சிமருந்துக்கு முதலில் பழகிப்போன பயிர்ப்பூச்சிகளில் அதுவும் ஒன்று. அந்த எதிர்ப்பு 1953இல் ஜாவாவில் பதிவானது. மண்ணில் தங்கும் வேர் வீக்க நோயின் வித்துகளோ பதினைந்து ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். பயிர் சுழற்சியைக் கைவிடச் சொல்கிறீர்களா என்று வேளாண் அலுவலர் கேட்டால், கேள்வி நியாயமானது. ஆனால் பல்லாண்டு என்றதும் ஒரே குழியில் நிற்கும் செடியை நினைப்பதால் வரும் பயம் இது. ஆண்டுக்கு ஒருமுறை உச்சித்தளிரை மட்டும் எடுத்து, கோஸ் நிற்காத வேறு பாத்தியில் நட்டு, பழைய கட்டையைப் பிடுங்கிவிடலாம். அப்போது செடியின் வம்சம் தொடரும், மண்ணும் ஓய்வு பெறும். அந்துப்பூச்சிக்கு வலை போதும். கூடவே கடுகைப் பொறிப்பயிராக நடலாம். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் முட்டைக்கோஸ் வயல்களுக்காக 1991இல் வெளியிட்ட முறை அது: அந்துப்பூச்சி கோசை விட்டுக் கடுகில் முட்டையிடப் போகும். கருப்பு அழுகலும் வைரஸும்தான் உண்மையான ஆபத்து, இவை போத்தோடு கூடவே வரும். இலை விளிம்பில் 'வி' வடிவ மஞ்சள் கண்ட செடியிலிருந்தும், இலை சுருங்கித் தேமல் விழுந்த செடியிலிருந்தும் தளிர் எடுக்கவே கூடாது. சில ஆண்டுக்கு ஒருமுறை புது நாற்றிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

சின்னக் கோசுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உருண்டையை மட்டுமே விளைச்சலாக எண்ணுகிறார்கள். நாம் உரித்தெறியும் பச்சை இலையில்தான், வெளுத்த உள்ளிலையைவிடக் கரோட்டின் அதிகம். பக்கத்தளிரைக் கீரையாகப் பொரியல் செய்தால் கணக்கு மாறிவிடும்.

காலிஃபிளவர் மட்டும் இந்த வழிக்கு ஒத்துவராது. நாம் சாப்பிடும் அந்த வெள்ளைத் திரள், பூவாக முயன்று முயன்று பாதியில் நின்றுபோன ஆயிரக்கணக்கான மொட்டுநுனிகள். செடி ஏற்கெனவே பூக்கும் பாதையில் இறங்கிவிட்டது. வெட்டிய கட்டையிலிருந்து வரும் தளிர்களும் பெரும்பாலும் சுண்டைக்காய் அளவுப் பூவோடு ஓய்ந்துவிடும். அதற்கு விதைதான் வழி. 1822இல் சஹாரன்பூர் தோட்டத்துக்கு ஜெம்சன் கொண்டுவந்த காலிஃபிளவரை, நூறாண்டுக்கு மேல் நம் விவசாயிகள் வெயிலில் தேறியதைத் தேர்ந்தெடுத்து விதை எடுத்தே இந்தியக் காலிஃபிளவராக மாற்றினார்கள். இருபது டிகிரிக்கு மேலும் பூ வைக்கும் இனங்கள் அப்படி வந்தவை. ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத குணம் அவற்றில் வலுவானது. ஒற்றைச் செடியில் விதை எடுக்க முடியாது, தெருவே சேர்ந்து பத்திருபது செடியைப் பூக்க விட வேண்டியிருக்கும்.

ஓசூருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோஸ், கடுகு இனங்கள் மண்ணிலிருக்கும் காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி இலையில் சேர்ப்பவை. பெங்களூருக் கழிவு கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்தவர்கள், மாதக்கணக்கில் இலை பறிக்கப்போகும் செடிக்குத் தென்பெண்ணை நீரை விடக் கூடாது. மழைநீரோ, சோதித்த கிணற்று நீரோ வேண்டும். இதே மாவட்டத்தில் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஹாக்கையும் சந்தையில் ஓடும் கோஸ் ரகங்களையும் போத்து முறையில் ஓசூர்ப் பகுதித் தோட்டங்களில் வைத்து, எத்தனை மாதம் இலை தருகிறது, எந்தத் தலைமுறையில் வைரஸ் ஏறுகிறது, இலையில் எவ்வளவு உலோகம் சேர்கிறது என்ற மூன்றையும் அது அளந்து வெளியிட வேண்டும்.