கோல்ஃப் வண்டிக்கு ஏன் தாகம் எடுக்கிறது?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது ஜொகூரில் என் மாமா வேலை செய்யும் கோல்ஃப் கிளப்பும் மூடப்பட்டது. மே மாதம் திரும்பிப் போய் வண்டிக் கொட்டகையைத் திறந்தார். வரிசையாக நின்ற வண்டிகளில் சில, சாவியைத் திருப்பியதும் வழக்கம்போல் நகர்ந்தன. வேறு சில அசையவே இல்லை. சார்ஜரைச் செருகினால் சார்ஜர்கூட வேலை செய்ய மறுத்தது.

எல்லாம் ஒரே நிறுவனத்தின் வண்டிகள். ஒரே ஆண்டு வாங்கியவை. ஏழு வாரம் ஒரே கூரையின்கீழ் நின்றவை. பிறகு எப்படிச் சில மட்டும் பிழைத்தன?

இந்த வண்டியை நம் ஊரில் 'பகி' என்போம். கோல்ஃப் ஆடாதவர்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்தில் முதியவர்களை ஏற்றிச் செல்வதும், கடற்கரை விடுதிகளில் பெட்டிகளைச் சுமந்து போவதும் இதே வண்டிதான். அதன் இருக்கையைத் தூக்கினால் கீழே கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலான 48 வோல்ட் பகிகளில் அவை ஆறு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 8 வோல்ட். ஒன்றைத் தனியாகத் தூக்கிப் பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்: ஏறக்குறைய 29 கிலோ. ஆறும் சேர்ந்தால் 170 கிலோவுக்கு மேல். அத்தனை எடையும் பெரும்பாலும் காரீயம்தான். (மலேசியாவில் 'ஈயம்' என்றதும் கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்கள் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். இங்கே சொல்வது வேதியியல் பாடத்தில் வரும் பிளம்பம்.)

ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் நான்கு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஒரு தனி மின்கலம். முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆக, ஒரு பகியில் 24 மின்கலங்கள், 24 மூடிகள். எல்லாம் தொடர் மின்சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய அதே ஏற்பாடுதான் இன்றும் உள்ளே நடக்கிறது. எதிர்முனைத் தகட்டில் கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த காரீயம். நேர்முனைத் தகட்டில் பழுப்பு நிறக் காரீய டையாக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். வண்டி ஓடும்போது இரண்டு தகடுகளும் அமிலத்திலுள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு காரீய சல்பேட்டாக மாறுகின்றன. ஒரு பக்கம் காரீயத்தின் ஆக்சிஜனேற்ற எண் 0இலிருந்து +2க்கு ஏறுகிறது. மறுபக்கம் +4இலிருந்து +2க்கு இறங்குகிறது. ஐந்தாம் படிவ மாணவர்கள் இதில் ரெடாக்ஸ் வினையை அடையாளம் கண்டிருப்பீர்கள். கூடவே தண்ணீரும் உண்டாகிறது. அதனால் பேட்டரி தீரத் தீர உள்ளேயிருக்கும் அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் செய்தால் எல்லாம் தலைகீழாக நடந்து, தகடுகள் பழைய நிலைக்குத் திரும்பும், அமிலமும் அடர்த்தியாகும்.

பழைய நிலைக்குத் திரும்பும் என்று சொன்னேன். அது காலத்தோடு செய்தால்தான். ஓட்டம் முடிந்த உடனே காரீய சல்பேட்டு மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். சார்ஜ் செய்தால் எளிதில் கரைந்து வினைபுரியும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். உப்புக் கரைசலை அசையாமல் வைத்திருந்தால் பெரிய படிகம் வளருவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதைப்போல. பெரிய படிகங்கள் மின்சாரத்தைக் கடத்தாது. சார்ஜ் செய்தாலும் எளிதில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி இனி வேலைக்கு உதவாது. இதைச் சல்பேட் படிதல் என்கிறோம்.

மாமாவின் கொட்டகையில் நடந்ததும் இதுதான். கடைசி நாள் மாலை, விளையாட்டு முடிந்து வந்த சில வண்டிகளை அவசரத்தில் சார்ஜ் செய்யாமல் அப்படியே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்றவை முழுச் சார்ஜில் நின்றன. இன்னொரு வேறுபாடும் இருந்தது. பல பகிகளில் இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய விசை இருக்கும். வண்டியைக் கட்டி இழுக்கும்போது அதை 'டோ' என்ற பக்கம் தள்ளுவார்கள். அப்படித் தள்ளினால் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். தள்ளாவிட்டால் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் கருவி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேயிருக்கும். பிழைத்த வண்டிகளில் யாரோ ஒருவர் அந்த விசையைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். சார்ஜர் மறுத்ததற்கும் காரணம் உண்டு. எதிர்முனைக்கும் நேர்முனைக்கும் இடையே குறைந்தபட்ச மின்னழுத்தமாவது இருந்தால்தான் பல சார்ஜர்கள் 'இங்கே ஒரு பேட்டரி இருக்கிறது' என்று உணர்ந்து வேலையைத் தொடங்கும்.

ஆறு பேட்டரிகளையும் புதிதாக மாற்றச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். ஒரு வண்டிக்கே இவ்வளவு என்றால் கிளப்பின் கணக்குப்பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி தாகத்துக்கு வருவோம். சார்ஜ் முடியும் தறுவாயில், மாற்றுவதற்குக் காரீய சல்பேட்டு அதிகம் மிச்சம் இருக்காது. அப்போதும் சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த ஆற்றல் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது; நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் மின்னாற்பகுப்பேதான். வாயு மூடியின் துளை வழியே வெளியேறிவிடும். போவது தண்ணீர் மட்டும். அமிலம் உள்ளேயே தங்கிவிடும். நீர்மட்டம் இறங்கித் தகட்டின் மேல்பகுதி காற்றில் தெரிந்தால் அந்தப் பகுதி கெட்டுப்போகும். மிச்சமிருக்கும் அமிலமும் அளவுக்கு மீறிக் கடுமையாகித் தகட்டை அரிக்கும்.

"வண்டி ஓடலேன்னா பசின்னு நினைச்சுக் கரண்டு மேல கரண்டு குடுக்கிறாங்க. அதுக்குத் தாகம், அவ்ளோதான்" என்பார் மாமா.

அப்படியானால் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் என்ன? குழாய்த் தண்ணீரில் கால்சியம், இரும்பு, குளோரைடு போன்றவை கரைந்திருக்கும். நாம் குடிக்க அது நல்லது. பேட்டரியிலோ தண்ணீர் மட்டும் வெளியேறி இவை தங்கிவிடுவதால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சேர்ந்துகொண்டே போகும். இரும்பு, பேட்டரி தானாகவே தீர்ந்துபோவதை வேகப்படுத்தும். குளோரைடு நேர்முனைத் தகட்டை அரிக்கும். கடையில் வாங்கும் மினரல் வாட்டரும் கூடாது. பெயரிலேயே கனிமம் இருக்கிறதே! காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். ஒரு போத்தல் சில ரிங்கிட்தான்.

எப்போது ஊற்றுவது என்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். சார்ஜ் செய்வதற்கு முன்னால் நிரப்பிவிட்டால், சார்ஜ் ஆகும்போது திரவம் சூடாகி விரியும்; வாயுக் குமிழிகளும் மட்டத்தை உயர்த்தும். அமிலம் மூடி வழியே பொங்கி வழிந்து, இரும்புச் சட்டத்தை அரித்துவிடும். ஆகவே சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தகடு ஏற்கெனவே வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் முன்பே ஊற்றலாம். எந்த நிலையிலும் அமிலத்தை ஊற்றக்கூடாது. வெளியேறியது அமிலமல்லவே.

பிரிந்த ஹைட்ரஜனை மறந்துவிடாதீர்கள். காற்றில் அது 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே தீப்பற்றும். காற்றைவிட மிக இலேசானது என்பதால் கூரைக்கு அடியில் போய்த் தேங்கும். மாமாவின் கொட்டகையில் சுவரின் மேல்பகுதி முழுவதும் கம்பி வலையாக இருப்பதன் காரணம் இதுதான். அங்கே சிகரெட்டுக்கு இடமில்லை. வேலை தொடங்குமுன் மோதிரம், கைச்சங்கிலி எல்லாம் கழற்றப்படும். அவை இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் குறுக்கு மின்சுற்றாகி உலோகம் பழுக்கக் காய்ந்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்க அவர் யாரையும் விடமாட்டார். நீங்களும் பெரியவர்கள் துணையின்றி இதில் கைவைக்க வேண்டாம்.

முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைசலால் துடைத்தால் நுரைத்துப் போய்விடும். அமிலமும் காரமும் நடுநிலையாகும் வினைதான். கரைசல் மூடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் காற்று குறைந்தாலும் உருளும் தடை கூடி பேட்டரி சீக்கிரம் தீரும். அதைப் பார்க்கச் செலவே இல்லை.

நம் நாட்டு வெயில் இந்தப் பேட்டரிகளுக்கு ஆகாது. 25 பாகை செல்சியசை அடிப்படையாக வைத்தே அவற்றின் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. வண்டியை நிழலில் நிறுத்துவதுகூட ஒரு பராமரிப்புதான். லித்தியம் பேட்டரி வைத்த புதிய பகிகளுக்குத் தண்ணீரே வேண்டாம், எடையும் குறைவு. ஆனால் வாங்கும்போது விலை அதிகம் என்பதால் காரீயம் இன்னும் பல கொட்டகைகளில் ஓடுகிறது. தீர்ந்துபோன காரீயப் பேட்டரி மலேசியச் சட்டப்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. அதனால் அதைக் குப்பையில் வீசக்கூடாது. உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன தொடர் மின்சுற்றுக்கு இப்போது வரலாம். 24 மின்கலங்களில் ஒன்று மட்டும் பலவீனமானது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும்போது அது முதலில் தீர்ந்துவிடும். மற்ற 23ம் நிற்காமல் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளும். அதன் முனைகள் தலைகீழாகி மேலும் சேதமாகும். வண்டி மேட்டில் திணறும்போது ஆறு பேட்டரியும் போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் கெட்டது ஒரே ஓர் அறையாக இருக்கலாம்.

அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க மாமா பயன்படுத்துவது ஹைட்ரோமீட்டர்: ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை. அமிலத்தை உறிஞ்சினால் அடர்த்திக்கேற்ப மிதவை உயரும். முழுச் சார்ஜில் ஒப்படர்த்தி 1.265இலிருந்து 1.280 வரை இருக்கும். தீர்ந்துபோனால் சுமார் 1.120. தண்ணீர் ஊற்றிய உடனே அளக்கக்கூடாது. புதுத் தண்ணீர் மேலேயே மிதந்து பொய் சொல்லும்.

2020க்குப் பிறகு அவர் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் வைத்திருக்கிறார். வண்டிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 24 கட்டங்கள். சென்ற முறை நான் போயிருந்தபோது ஒரு வண்டியின் பக்கத்தில் 23 கட்டங்களில் 1.265க்குக் குறையாத எண்கள். மூன்றாம் பேட்டரியின் இரண்டாம் அறையில் மட்டும் 1.210. அறைகளுக்கிடையே 0.050 வேறுபாடு இருந்தாலே கவலைக்குரியது. அந்த வண்டியை அன்று திடலுக்கு அனுப்பவில்லை. பின்தங்கிய அறையும் மற்றவற்றை எட்டிப்பிடிக்குமா என்று பார்க்க, முழுச் சார்ஜுக்குப் பிறகும் கூடுதலாக மெதுவான சார்ஜில் போட்டுவிட்டு, அந்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். மறுவாரம் மீண்டும் அளந்தபோது 1.245 காட்டியதாகத் தொலைபேசியில் சொன்னார்.