இரண்டு கம்பியில் ஓர் அலுவலகம்

“லைன்லயே இருங்க சார், அக்கவுன்ட்ஸுக்கு மாத்தி விடறேன்.” அதற்குப் பிறகு ஒரு ‘டொக்’. அவ்வளவுதான், லைன் போய்விட்டது. மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ வங்கிக்கோ போன் செய்தவர்களில் இதை அனுபவிக்காதவர் குறைவு. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர் எடுப்பார். நோயாளியின் பெயர், வார்டு, பில் எண் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். துண்டித்தவர் மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் பல சமயங்களில் கோளாறு அவரிடம் இல்லை. அவர் மேசையில் இருக்கும் போனும், மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டியிருக்கும், அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸ் பெட்டியும் ஒரு நொடியில் பத்தில் சில பங்கு நேரத்தைப் பற்றி ஒத்துப்போகவில்லை.

சாதாரண எக்ஸ்டென்ஷன் போனிலிருந்து சுவருக்குப் போவது இரண்டே செம்புக் கம்பிகள். ரிசீவரைத் தூக்கினால் சுற்று மூடிக்கொள்ளும்; சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடும். கீழே வைத்தால் நின்றுவிடும். ஓடுகிறதா, நின்றதா, நின்றதென்றால் எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்தே நம் கை என்ன செய்தது என்று பெட்டி ஊகிக்கிறது.

சுழற்றும் டயல் இருந்த காலத்தில் எண்களும் இப்படித்தான் போயின. 5 என்று சுழற்றினால் மின்னோட்டம் ஐந்து முறை வெட்டுப்படும். 0 என்றால் பத்து முறை. நொடிக்குப் பத்து வெட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 மில்லிநொடி. யாரும் வெளியூருக்குப் பேசிவிடக் கூடாது என்று டயலில் பூட்டுப் போட்டிருந்த அலுவலகங்களில், ரிசீவர் அமரும் கட்டையைத் தாளம் தப்பாமல் தட்டியே எண் போட்ட கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். பெட்டிக்கு டயல் வெட்டியதா, விரல் வெட்டியதா என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது சிக்கல் புரியும். மிகச் சிறிய வெட்டு என்றால் அது ‘1’ என்ற எண். நீண்ட வெட்டு என்றால் போனை வைத்துவிட்டார். “பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்தி வை, இன்னொரு எண் போடப் போகிறேன்” என்று சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும். அந்த நடு இடம்தான் ஃப்ளாஷ். 100 மில்லிநொடியிலிருந்து 600, 700 வரை அமைப்புக்கு அமைப்பு அது மாறும். போனில் ‘ஃப்ளாஷ்’ என்றோ ‘ஆர்’ என்றோ எழுதியிருக்கும் பொத்தான் செய்வது ஒரே வேலை: முன்பே குறித்துவைத்த நேரத்துக்கு மட்டும் மின்னோட்டத்தை வெட்டிவிட்டு மறுபடி சேர்ப்பது. உதாரணமாக, ஒரு பெட்டி 300 மில்லிநொடி வரைதான் ஃப்ளாஷ் என்று கொள்ளும். புதிதாக வாங்கிய போன் 600 மில்லிநொடி வெட்டுகிறது. விளைவு, வரவேற்பறைப் பெண் சரியான பொத்தானை அழுத்தியும் அழைப்பு செத்துப்போகிறது. அவருக்குத் திட்டு விழுகிறது. பொத்தானை விட்டுவிட்டுக் கட்டையைத் தட்டி மாற்றுபவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். விரலுக்கு மில்லிநொடிக் கணக்கு வராது.

தீர்வு எளிது. பல போன்களின் அடியில் ஃப்ளாஷ் நேரத்தை மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சிலவற்றில் அமைப்புப் பட்டியலுக்குள் இருக்கும். பெட்டியின் பக்கமும் மாற்ற முடியும். அலுவலகத்தில் ‘மாத்தினா கட் ஆகுது’ என்ற புகார் இருந்தால், ஆளைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். பராமரிப்புக்கு வருபவருக்கு அது பத்து நிமிட வேலை.

ஹோல்டு, மாற்றிவிடுவது என்று இத்தனை வசதிகளை இரண்டு கம்பிக்குள் ஏன் திணித்தார்கள்? ஒரு காலத்தில் திணிக்கவில்லை. அமெரிக்க அலுவலகங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய ‘1ஏ2’ என்ற அமைப்பில் ஒவ்வொரு போனுக்கும் கட்டைவிரல் தடிமனில் 50 கம்பிகள் கொண்ட கேபிள் போகும். போனின் கீழ் வரிசையில் ஆறு பொத்தான்கள், ஒன்று சிவப்பு நிற ஹோல்டு. மற்றவை ஒவ்வொன்றும் ஒரு லைன், உள்ளே விளக்கு. யாராவது பேசிக்கொண்டிருந்தால் விளக்கு நின்று எரியும். அழைப்பு வந்தால் மெதுவாக விட்டு விட்டு எரியும். ஹோல்டில் யாராவது காத்திருந்தால் வேகமாகத் துடிக்கும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த லைனில் என்ன நடக்கிறதென்று அறையில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணெதிரே தெரியும். வசதி என்றால் அதுதான் வசதி.

பிறகு கணிப்பொறி உள்ளே வந்தது. 1963-ல் ஃப்ளோரிடாவின் கோகோ பீச்சில் பெல் நிறுவனம் தன் முதல் மின்னணு அலுவலக எக்ஸ்சேஞ்சை நிறுவியது. ரிலேக்கள் செய்த வேலையை நிரல் செய்யத் தொடங்கியதும், ஒரு புது வசதி என்பது சில வரி நிரல் என்றானது. கம்பி வேண்டாம், விளக்கு வேண்டாம், பொத்தானும் வேண்டாம். ஒரு குறியீட்டு எண் போதும். நம் நாட்டில் 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு மையம், 128 இணைப்புகளைக் கொண்ட டிஜிட்டல் பிஏபிஎக்ஸை இங்கேயே வடிவமைத்து, அதைச் செய்யும் உரிமையைப் பல தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. நடுத்தர அலுவலகங்களுக்கும் இவை வந்து சேர்ந்தன. வசதிகள் பெருகின. அவற்றைக் காட்டும் விளக்குகள் மட்டும் காணாமல் போயின.

இந்த இழப்பை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அறிதல் அறிவியலாளர் டொனால்ட் நார்மன். அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-ல் அவர் எழுதிய நூலில் அலுவலகப் போன் ஒரு முக்கியமான சாட்சி. காரில் இதைவிடப் பல மடங்கு அதிகமான கட்டுப்பாடுகள் இருந்தும் ஓட்டக் கற்றுக்கொள்கிறோம். காரணம், பெரும்பாலும் ஒரு பிடிக்கு ஒரு வேலை, செய்தது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. போனிலோ பொத்தான்களை விட வேலைகள் அதிகம், எது நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. படித்தவர்களும் ஹோல்டு போடத் தடுமாறியதற்கு அவர் வடிவமைப்பைத்தான் பொறுப்பாக்கினார். நாற்பது வருடத்துக்கு அருகில் வந்துவிட்டோம். அந்தக் குற்றச்சாட்டு இன்னும் அப்படியே நிற்கிறது என்பது என் எண்ணம்.

கண்ணுக்குக் கிடைக்காததைக் காதாவது பிடித்துக்கொள்ளலாம். 1963 நவம்பரில் பென்சில்வேனியாவில் வாடிக்கையாளர்களுக்கு அறிமுகமான அழுத்து பொத்தான் போனில் ஒவ்வொரு எண்ணும் இரண்டு ஒலிகளின் சேர்க்கை. 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். ஒன்றின் மடங்கு இன்னொன்றாகாதபடி அதிர்வெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மனிதக் குரல் தற்செயலாக அந்த ஜோடியை உண்டாக்கிவிடுவது அரிது. பழைய மின்னோட்ட வெட்டுகள் அருகில் இருக்கும் எக்ஸ்சேஞ்சோடு நின்றுவிடும். ஒலியோ, பேச்சு எங்கே போகுமோ அங்கெல்லாம் போகும். “தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்” என்று கேட்கும் குரல் வேலை செய்வது இதனால்தான். ஸ்டாரும் ஹேஷும் 1968-ல் சேர்ந்தன. அவை எந்தத் தொலைபேசி எண்ணிலும் வருவதில்லை. அதனால் ஸ்டாரில் தொடங்கினால் இது கட்டளை, எண் இல்லை என்று பெட்டி குழப்பமில்லாமல் புரிந்துகொள்ளும்.

அந்தப் பக்கம் காத்திருப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால், இத்தனை வசதிகளிலும் ஒன்றே ஒன்றை ஒழுங்காகக் கற்றால்கூடப் பெரிய நன்மை. அது மாற்றிவிடுவது. இரண்டு விதமாக மாற்றலாம். ஃப்ளாஷ், எக்ஸ்டென்ஷன் எண், உடனே ரிசீவரைக் கீழே வைத்துவிடுவது ஒரு வகை. வேகமானது, ஆனால் அங்கே ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. சரியாக அமைத்த பெட்டியில், யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு சிறிது நேரத்தில் மாற்றியவரிடமே திரும்பி வரும். அமைக்காததில் மணி அடித்துக்கொண்டே இருந்து ஓயும். இன்னொரு வகையில், எண்ணைப் போட்ட பிறகு அங்கே எடுப்பவரிடம் “மணப்பாறையிலிருந்து ஒருத்தர், பென்ஷன் விஷயம், ரெண்டாவது தடவையா கூப்பிடறார்” என்று சொல்லிவிட்டு வைக்கலாம். எடுக்கவில்லையா, மறுபடி ஃப்ளாஷ் அடித்தால் காத்திருப்பவரிடமே திரும்பிவிடலாம். பத்து விநாடி கூடுதலாகும். அழைத்தவர் தன் கதையை மறுபடி சொல்ல வேண்டியிராது. பொதுமக்களோடு பேசும் எந்த அலுவலகத்திலும் இந்த இரண்டாவது முறையே வழக்கமாக இருக்க வேண்டும்.

ஹோல்டில் ஏதாவது ஓர் இசை ஒலிப்பதற்கும் காரணம் உண்டு. சத்தமே இல்லாவிட்டால் லைன் துண்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள். ஆல்ஃபிரட் லெவி என்ற அமெரிக்கத் தொழிற்சாலை உரிமையாளர், அறுந்த கம்பி ஒன்று கட்டடத்தின் இரும்புச் சட்டத்தில் பட்டு வானொலி நிலையத்தின் பாட்டு போன் லைனில் கேட்டதைக் கவனித்து, அதையே ஒரு வசதியாக்கி 1966-ல் காப்புரிமை பெற்றார்.

கால் ஃபார்வர்டு பற்றி ஓர் எச்சரிக்கை. லீவில் போகும்போது அழைப்புகளைப் பக்கத்து மேசைக்குத் திருப்பிவிட்டு, வந்த பிறகு எடுக்க மறப்பது எங்கும் நடக்கிறது. பல அமைப்புகள் இதைக் காதுக்குச் சொல்கின்றன: ரிசீவரைத் தூக்கியதும் டயல் டோன் வழக்கம்போல் தொடர்ந்து வராமல் விட்டு விட்டு வந்தால், ஏதோ ஒன்று திருப்பிவிடப்பட்டிருக்கிறது.

எப்போது கூப்பிட்டாலும் என்கேஜ்டு என்ற புகார் வேறு வகை. அதற்குப் பொத்தானில் மருந்தில்லை, கணக்கில் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், அழைப்புகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்து விழும்போது எத்தனை லைன் வேண்டும் என்பதற்கு 1917-ல் ஒரு சூத்திரம் தந்தார். ஓர் அலுவலகத்தில் 40 பேர், நெரிசலான ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 6 நிமிட வெளிப்பேச்சு என்று கொள்ளுங்கள். மொத்தம் 240 நிமிடம். அதாவது சராசரியாக எந்த நொடியிலும் 4 லைன்கள் பேச்சில் இருக்கும். சரி, 4 லைன் வாங்கினால் போதும் என்று தோன்றும். எர்லாங் சூத்திரப்படி அப்போது 100 அழைப்புகளில் 31 முட்டி மோதித் திரும்பும். 6 லைன் என்றால் 12. 8 லைன் என்றால் 3. லைன்களை இரட்டிப்பாக்கினால் ஏமாற்றம் பத்தில் ஒன்றாகிறது.

இன்னும் சுவையானது, சேர்த்துவைப்பதன் பலன். இதே அளவு பேச்சுள்ள இரண்டு பிரிவுகள் ஆளுக்கு 8 லைன் தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரண்டிலும் நூற்றுக்கு 3 பேர் ஏமாறுவார்கள். அந்த 16 லைன்களையும் ஒரே எண்ணின் கீழ் ஹண்டிங்கில் போட்டுவிட்டால், அதாவது முதல் லைன் பிஸியானால் தானாக அடுத்ததைத் தேடும்படி செய்தால், 200 பேரில் ஒருவருக்குத்தான் என்கேஜ்டு. ஒரு பைசா கூடுதல் வாடகை இல்லை. பழைய ஏமாற்ற அளவே போதும் என்றால் 13 லைன் வைத்து மூன்றை ஒப்படைத்துவிடலாம்.

இன்று கணினிக் கேபிளில் ஓடும் ஐபி போன்களில் மில்லிநொடிப் பிரச்சினை இல்லை. மாற்றிவிடு என்பது அங்கே வெளிப்படையான ஒரு செய்தியாகவே போகிறது. திரையில் எழுத்து தெரிகிறது, விளக்குகளும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் எந்தத் தலைமுறைப் பெட்டியாக இருந்தாலும் ஒன்றை உடனே சரிபார்த்தாக வேண்டும்: அவசர எண்.

2013 டிசம்பரில் டெக்சாஸின் மார்ஷல் நகரில், ஒரு ஹோட்டல் அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறை போனில் 911-ஐ நான்கு முறை முயன்றாள். அழைப்பு போகவில்லை. வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனார். அவர் பெயரால் வந்த கேரி சட்டம் 2018-ல் கையெழுத்தாகி, 2020 பிப்ரவரி 16 முதல் அங்கே நிறுவப்படும் புதிய அமைப்புகளுக்குப் பொருந்துகிறது. முன் எண் எதுவும் போடாமலே அவசர அழைப்பு போக வேண்டும். போகும் அதே நேரத்தில் கட்டடத்தின் முன்மேசைக்கோ பொறுப்பாளருக்கோ தகவல் சேர வேண்டும்.

நம் அலுவலகங்களிலும் விடுதிகளிலும் பலவற்றில் 0 போட்டால்தான் வெளி லைன். அதோடு இன்னொரு பொறி. எக்ஸ்டென்ஷன்களை 101-லிருந்து வரிசையாகக் கொடுத்திருந்தால், தீயணைப்புக்கான 101, ஆம்புலன்ஸுக்கான 108, பொது அவசர எண்ணான 112 மூன்றுமே கட்டடத்துக்குள் யாரோ ஒருவருடைய மேசையில் மணி அடிக்கும். இரவில் அந்த மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். எக்ஸ்டென்ஷன்களை 2-ல் தொடங்கும்படி மாற்றினால் இந்த ஆபத்து தீரும். பிறகு 112-ஐயும் 108-ஐயும் முன் எண் இல்லாமல் நேராக வெளியே அனுப்பும்படி நிரலில் எழுதிவிடலாம். சோதனைக்காக அவசர எண்ணை அழைக்க வேண்டாம். பராமரிப்பாளரை உட்காரவைத்து அந்த அமைப்பைத் திரையில் காட்டச் சொல்ல வேண்டும்.

கூடவே இரண்டு கேள்விகளையும் அவரிடம் கேட்டுவிடுவது நல்லது. பல பெட்டிகளில், கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் ஒரு ரிலே விழுந்து வெளி லைனை நேராக ஒரு குறிப்பிட்ட போனோடு சேர்த்துவிடும். நம் கட்டடத்தில் அது எந்த போன்? ஆறு மணிக்கு மேல் இரவு முறைக்கு மாறியதும் வெளி அழைப்புகள் எங்கே மணி அடிக்கின்றன? பதில்களை ஒரு தாளில் எழுதி, வாட்ச்மேன் மேசைக்கு மேலே ஒட்ட வேண்டும்.