ஒரே ஒரு படம் என்றார் கார்போ!

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகு மண்டியில் கணக்கு எழுதுகிறவரானாலும் சரி, மூட்டை தூக்குகிறவரானாலும் சரி, ஸ்டூடியோ படியேறுவது பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காகத்தான். உலகப் புகழ்பெற்ற ஒரு நடிகையும் அதற்காகத்தான் ஒரு நாள் காமிரா முன் உட்கார்ந்தார். ஆனால் அது பெரும் மனஸ்தாபத்தில் போய் முடிந்தது!

அவர் கிரேட்டா கார்போ. ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 1905-ல் ஏழைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். சிறு வயதில் முடிதிருத்தும் கடையில், வாடிக்கையாளர் முகத்தில் சோப்பு நுரை தடவும் வேலை பார்த்தார். 1925-ல் அமெரிக்கா சென்று ஹாலிவுட்டின் முதல் வரிசை நட்சத்திரமானார். 1941-க்குப் பிறகு அவர் நடித்த படம் எதுவும் வெளிவரவில்லை. பத்திரிகைக்காரர்களையும் காமிராக்களையும் கண்டால் ஒதுங்கிப் போவார்.

அவரைப் படம் எடுத்தே தீருவது என்றிருந்தவர் லண்டன் புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன். இங்கிலாந்து ராணியைப் படம் எடுத்தவர். போர்க்காலத்தில், 1944-ல், நம் நாட்டுக்கும் வந்து படங்கள் எடுத்தவர். கார்போவை 1932-லேயே ஹாலிவுட்டில் சந்தித்தார். ஆனால் படம் எடுக்கும் வாய்ப்பு மட்டும் கிட்டவில்லை.

14 ஆண்டுகள் கழித்து, 1946-ல், நியூயார்க்கில் அது தானாக வந்தது. ஸ்வீடன் செல்ல கார்போவுக்குப் பாஸ்போர்ட் படம் தேவைப்பட்டது. பீட்டனின் ஓட்டல் அறைக்கு வந்தார். முதலில் விறைப்பாக உட்கார்ந்தவர், போகப் போக இறுக்கம் தளர்ந்தார். கோமாளி உடைகூட அணிந்து நின்றார். பாஸ்போர்ட்டுக்கு என்று வந்த இடத்தில் படங்கள் குவிந்துவிட்டன.

'வோக்' பத்திரிகையில் ஒரே ஒரு படம்தான் வரலாம் என்பது கார்போவின் எண்ணம். பீட்டனோ பல படங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், ஒன்றுக்கு மேல் வந்தால் மன்னிக்கவே மாட்டேன் என்று தந்தி அடித்தார் கார்போ. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1946 ஜூலையில் படங்கள் வெளிவந்தன. அதன் பிறகு ஓராண்டுக்கும் மேல் பீட்டனுக்கு அவர் முகம் கொடுக்கவில்லை.

பிற்பாடு சமாதானம் ஆனார்கள். ஆனால் 1972-ல் பீட்டன் தம் நாட்குறிப்பை அச்சிட்டு, கார்போவுடனான நெருக்கத்தையும் ஊரறியச் செய்தார். பீட்டன் 1980-ல் காலமானார், கார்போ 1990-ல்.

அழகான படங்கள்தான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு படத்துக்குத் தந்த சம்மதத்தைப் பல படங்களுக்கு நீட்டியது யார் கொடுத்த உரிமை?

இந்தக் கேள்வி நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியதல்ல. கலியாணப் படமோ குழந்தையின் படமோ ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் தொங்குவதைப் பார்த்துச் சங்கடப்பட்டவர்கள் உண்டு. ஸ்டூடியோக்காரரிடம் எதுவும் கேட்க முடியாது என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 17-வது பிரிவின்படி, நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை நமக்கே. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும்.

ஆகவே ரசீதில் கையெழுத்துப் போடுமுன் அதிலுள்ள வாசகத்தைப் படித்துப் பாருங்கள். படத்தை வாசலில் மாட்டலாமா, கூடாதா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.