டீசலுக்கும் குளிரும் பாஸ்!

மார்கழி மாசக் காலை. குளிச்சுட்டு வந்து தலைக்கு வைக்கலாம்னு தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்க்கிறீங்க. ஒரு சொட்டு விழணுமே... ம்ஹூம்! வெள்ளை வெளேர்னு உறைஞ்சுபோய் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பொறுமைசாலிகள் வெயிலில் வைப்பாங்க. அவசரக்காரங்க வெந்நீரில் வைப்பாங்க. என்னை மாதிரி சோம்பேறிகள் சைக்கிள் கம்பியால் தோண்டுவாங்க.

சரி, பாட்டிலுக்குக் கம்பி போதும். 300 லிட்டர் டீசல் டேங்க் இப்படி உறைஞ்சா எதை வெச்சுத் தோண்டுறது?

'தேனியில டீசல் உறையுமா? அக்னி வெயிலுக்கு அது ஆவியாகாம இருந்தாலே பெரிய விஷயம்!'னு நீங்க சிரிக்கலாம். நானும் அப்படித்தான் சிரிச்சேன். ஆனா, நம்ம ஊர் லாரி நம்ம ஊர்லயேவா நிக்குது? கம்பம் தேங்காயும் போடி ஏலக்காயும் வடக்கே போயாகணும். நம்ம ஊர்ல இருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். அங்கே 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிச்சா, ஸ்டீயரிங்கை நேரா வெச்சுக்கிட்டே ஸ்ரீநகர் வரைக்கும் போகலாம். கன்னியாகுமரியில இருந்து கணக்குப் பண்ணினா 3,700 கிலோமீட்டருக்கும் மேல. ஒரு முனையில் வேர்வை, மறு முனையில் பனி. நடுவில் அதே லாரி, அதே இன்ஜின்.

என் தாய்மாமா அந்த லைன் டிரைவர். சின்னமனூர்க்காரர். இடது முழங்கைக்குக் கீழே அவருக்கு ஒரு தீக்காயத் தழும்பு உண்டு. இந்தக் கட்டுரை அந்தத் தழும்பில் இருந்துதான் ஆரம்பிக்குது.

2021 ஜனவரி. டெல்லியில் தேங்காயை இறக்கிட்டு, ஆப்பிள் ஏத்த காஷ்மீர் போயிருக்கார். ('ஜனவரியில ஏது ஆப்பிள்?'னு கேட்காதீங்க. அறுவடை முடிஞ்சதும் குளிர்பதனக் கிடங்கில் வெச்சு மாசக்கணக்கில் அனுப்பிக்கிட்டே இருப்பாங்க.) வழியில் பஞ்சாபில் டேங்கை ஃபுல் பண்ணியாச்சு. பனிஹால் தாண்டி காஸிகுண்டில் ராத்திரி வண்டியை ஓரங்கட்டிட்டுத் தூங்கியிருக்கார். அந்த வருஷம் அங்கே குளிர் எப்படின்னா, ஜனவரி 14-ம் தேதி ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு குளிர் இல்லைன்னு சொன்னாங்க.

காலையில் செல்ஃப் அடிச்சதும் வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. 'பரவாயில்லையே'ன்னு கிளம்பினா, ரெண்டு கிலோமீட்டர் போறதுக்குள் இழுவை குறைஞ்சு, இருமி, நின்னுடுச்சு. திரும்ப செல்ஃப் அடிச்சா சுத்துது, ஆனா பிடிக்கலை. பக்கத்து லாரிக்காரர் சொல்ல, துணியை டீசலில் நனைச்சுக் கொளுத்தி டேங்க்குக்கு அடியில் வெச்சிருக்கார் மாமா. காத்து திரும்பினதும் தீ தார்ப்பாய்க் கயிறைப் பிடிச்சுடுச்சு. கேபினில் கிளீனர் தம்பி போர்வைக்குள் தூங்கிக்கிட்டிருக்கான். அவனை இழுத்து வெளியே போட்டப்ப வாங்கினதுதான் அந்தத் தழும்பு.

"அப்புறம் எப்படி மாமா சரியாச்சு?"

"அப்புறமென்ன... தாபாக்காரர் ஒரு கேத்தல் வெந்நீர் கொண்டாந்தாரு. ஃபில்டர் மேல ஊத்துனோம். புது ஃபில்டர் ஒண்ணு மாத்துனோம். வண்டி கெளம்பிருச்சு. அவ்வளவுதான்டா மாப்ள!"

அவ்வளவுதான்! ஒரு கேத்தல் வெந்நீரில் முடிய வேண்டிய சமாச்சாரம். நான் மெக்கானிக்கல் மாணவன். 'க்ளவுட் பாயின்ட் என்றால் என்ன? போர் பாயின்ட் என்றால் என்ன?' ரெண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதி, ரெண்டு மார்க்கும் வாங்கினேன். அது மாமா கையில் இருக்கிற தழும்புன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது.

வாங்க, அந்த ரெண்டு மார்க்கைக் கொஞ்சம் விரிவாப் பார்ப்போம்.

ஹீரோவே வில்லன்

டீசல் ஒரே பொருள் இல்லை. நூத்துக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டு. அதில் நேர்க்கோட்டுச் சங்கிலி மாதிரி இருக்கிற சில மூலக்கூறுகளைத்தான் பாரஃபின்னு சொல்றோம். நம்ம மெழுகுவத்தியோட சொந்தக்காரங்க. இதில் செம காமெடி என்ன தெரியுமா? டீசல் நல்லா எரியணும்னா இவங்கதான் வேணும். 'ஹெக்ஸாடெகேன்'னு ஒருத்தர், 16 கார்பன் ஆசாமி. இவரோட செல்லப் பெயர் சீட்டேன். பங்க்கில் விற்கிற டீசலுக்கு சீட்டேன் எண் குறைஞ்சது 51 இருக்கணும்னு விதி இருக்கே, அந்த சீட்டேன் இவர்தான். தனியா எடுத்து வெச்சா இவர் 18 டிகிரியிலேயே உறைஞ்சுடுவார். ஏ.சி. ரூம் டெம்பரேச்சர் பாஸ்! 18 கார்பன் உள்ள அண்ணன் 28 டிகிரியிலேயே கட்டி.

'அப்போ நம்ம ஊர் டீசல் ஏன் தண்ணியா இருக்கு?' மத்த மூலக்கூறுகளுக்குள் இவங்க கரைஞ்சு கிடக்கிறாங்க. சூடான பாகில் சர்க்கரை கரைஞ்சிருக்கும், ஆறினா அடியில் படியும் இல்லையா, அதே கதைதான். குளிரக் குளிர, மெழுகு வெளியே வர ஆரம்பிக்கும். முதலில் டீசல் லேசா மங்கும். அதுதான் க்ளவுட் பாயின்ட். இன்னும் குளிர்ந்தா ஊத்தினாலும் அசையாது. அதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது போர் பாயின்ட்.

டிரைவருக்கு இந்த ரெண்டையும்விட முக்கியமான நம்பர் நடுவில் ஒண்ணு இருக்கு. சி.எஃப்.பி.பி. குளிரில் ஃபில்டர் அடைக்கிற வெப்பநிலைன்னு வெச்சுக்கங்க. சோதனை சிம்பிள். டீசலை ஒவ்வொரு டிகிரியாக் குளிர வெச்சு, 45 மைக்ரான் சல்லடை வழியா உறிஞ்சுவாங்க. 60 விநாடிக்குள் 20 மில்லி வந்துச்சுன்னா பாஸ். வரலைன்னா அந்த டிகிரியில் ஃபெயில். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். லாரி ஃபில்டரின் ஓட்டைகள் இந்தச் சல்லடையைவிடப் பொடிசு.

இப்போ மாமா கதைக்கு வருவோம். காலையில் வண்டி ஏன் ஸ்டார்ட் ஆச்சு? ஃபில்டருக்கு அந்தப் பக்கம் பம்ப்பிலும் பைப்பிலும் மிச்சமிருந்த டீசல் கொஞ்ச தூரத்துக்குப் போதும். அது தீர்ந்து, டேங்க்கில் இருந்து மெழுகுத் துகளோட புது டீசல் வந்து ஃபில்டரில் அப்பிக்கிச்சு. டேங்க்கில் டீசல் இன்னும் ஓடக்கூடிய நிலையில்தான் இருந்திருக்கும். அடைப்பு ஃபில்டரில். தீ வெச்சது டேங்க்குக்கு அடியில்! இன்னொண்ணும் கேளுங்க. டீசல் ஆவி தீப்பிடிக்கிற வெப்பநிலை குறைஞ்சது 35 டிகிரி இருந்தாப் போதும்னுதான் நம்ம நாட்டுத் தரக்கட்டுப்பாடே சொல்லுது. டேங்க்குக்கு அடியில் பந்தம் வெச்சா 35 டிகிரியைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?

பஞ்சாப் டீசல் ஏன் கைவிட்டது?

ஐ.எஸ். 1460-னு ஒரு தரக்கட்டுப்பாடு. இந்தியாவில் விற்கிற டீசலுக்கு அதுதான் வேதம். அதில் டீசலுக்கு ரெண்டே சீசன். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை குளிர்காலம், மத்ததெல்லாம் கோடை. கோடை டீசலுக்கு சி.எஃப்.பி.பி. அதிகபட்சம் 18 டிகிரி. குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி.

கவனிச்சீங்களா? ப்ளஸ் 6! பஞ்சாப் பங்க் எந்தத் தப்பும் பண்ணலை. நிஜத்தில் வர்ற டீசல் இந்த அளவைவிட நல்லாவே இருக்கலாம். ஆனா, மைனஸ் 8-ல் ஓடும்னு யாரும் உத்தரவாதம் தரலை.

அதுக்குன்னே தனியா ஒரு டீசல் உண்டு. இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்குக் குளிர்கால ஸ்பெஷல் டீசலைக் கொண்டுவந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. அதோட போர் பாயின்ட் மைனஸ் 33 டிகிரி! லே, கார்கில் பக்கமெல்லாம் குளிர் மைனஸ் 30 வரை இறங்கும். அதுக்கு முன்னாடி அங்கே டிரைவர்கள் டேங்க்குக்கு அடியில் அடுப்பு மூட்டுறது சர்வசாதாரணம். ஸோ, மாமாவுக்கு அந்த ஐடியா கொடுத்த ஆளையும் ரொம்பத் திட்ட முடியலை.

மண்ணெண்ணெய் மச்சான்கள் கவனத்துக்கு

'கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா சரியாயிடும்'னு ஸ்டாண்டில் ஒரு அண்ணன் கண்டிப்பா சொல்வார். கெமிஸ்ட்ரிப்படி அவர் சொல்றது நிஜம். மண்ணெண்ணெயில் சின்ன மூலக்கூறுகள்தான் அதிகம், மெழுகை இன்னும் கீழே வரை கரைச்சு வெச்சிருக்கும். அமெரிக்காவில் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய் மாதிரியான 'நம்பர் 1' டீசலைக் கலந்தே விற்கிறாங்க. ஆனா, இங்கே நீலக் கலர் ரேஷன் மண்ணெண்ணெயை டேங்க்கில் ஊத்துறது சட்டப்படி குற்றம். அதோட, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்-6 வண்டிகளுக்கு டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்-தான் இருக்கலாம். மண்ணெண்ணெயில் அது பல மடங்கு. புகையைச் சுத்தப்படுத்துற கருவிக்கு அது விஷம். பம்ப்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் வழவழப்பு கம்மி, பம்ப் தேயும். அந்தச் செலவுக்கு ஓனர் உங்களைத் தேடி வருவார்!

உருப்படியான வழி என்ன? 'ஆன்ட்டி-ஜெல்'னு சேர்க்கைப் பொருள் கிடைக்குது. இது மெழுகை ஒழிக்காது. வர்ற படிகத்தைப் பொடிசாவே நிறுத்தி, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்காமப் பார்த்துக்கும். அதனால டீசல் மங்குறதுக்கு முன்னாடியே, வெதுவெதுப்பா இருக்கும்போதே ஊத்தணும். அடைச்சப்புறம் ஊத்தினா காசு வேஸ்ட். உறைஞ்ச எண்ணெயில் மருதாணி போட்ட மாதிரி, அது மேலாக நிக்கும்.

மத்ததெல்லாம் செலவில்லாத வேலை. டேங்க்கைக் கீழ்நாட்டிலேயே ஃபுல் பண்ணாம, போகிற ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே நிரப்பணும். அந்த ஊர்க் குளிருக்கு ஏத்த டீசல் அங்கேதான் கிடைக்கும். ஃபில்டருக்குக் கீழே இருக்கிற திருகைத் திறந்து தண்ணியை வடிக்கணும். குளிரில் அந்தத் தண்ணி ஐஸ் ஆகிடும், ஃபில்டரை அதுவே அடைச்சுடும். ஸ்பேர் ஃபில்டர் ரெண்டு கேபினுக்குள், சூட்டில் இருக்கணும். மாட்டிக்கிட்டா வெந்நீர், வெந்நீர், வெந்நீர்தான். தீப்பெட்டி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

புது வண்டிக்காரங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல்: பி.எஸ்-6 லாரியில் யூரியாக் கரைசலுக்குன்னு தனி டேங்க் இருக்கே, அது மைனஸ் 11-ல் உறையும். பயப்படாதீங்க. இன்ஜின் சூட்டிலேயே அதை உருக்குறதுக்கு ஏற்பாடு இருக்கு. உறையக் கூடாதுன்னு அதில் எதையாவது கலந்துவிட்டு வம்பை விலைக்கு வாங்காதீங்க.

'அதெல்லாம் இருக்கட்டும், மூணாறில் ஜனவரியில் புல் மேல உறைபனி படியுதே, அங்கே?'ன்னு போடி நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போறது விடியலுக்கு முன்னாடி சில மணி நேரம்தான். அதுக்குள் நூத்துக்கணக்கான லிட்டர் டீசல் அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துடாது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேத்திக்கிட்டு விடிகாலையில் போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறுற ஜீப்புகளோ, ராத்திரி நம்ம பள்ளத்தாக்கிலேயே படுத்துத் தூங்குது. இங்கே குளிர் காலையில் வண்டி கிளம்பலைன்னா முதலில் பேட்டரியைப் பாருங்க. டீசல் பாவம்.

கடைசியா ஒரு பரிசோதனை பண்ணிப் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் குடுவையில் 50 மில்லி டீசல், சுத்தி ஐஸும் கல் உப்பும், உள்ளே காலேஜில் இரவல் வாங்கின தெர்மாமீட்டர். மொட்டை மாடியில், அடுப்புப் பக்கமே போகாம! (நீங்க பண்ணினா அதே ரூல்.) பத்து டிகிரிக்குக் கீழே வந்தப்புறம் லேசாப் பால் கலந்த மாதிரி மங்கிச்சு. மைனஸுக்குப் போனதும் கூழ். குடுவையைச் சாய்ச்சா, டீசல் ஒரு விநாடி யோசிச்சுட்டு நகர்ந்துச்சு.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமப் பார்த்தார். ஐஸை எடுத்துட்டு வெயிலில் வெச்சதும் பத்து நிமிஷத்தில் பழையபடி தெளிஞ்சுடுச்சு. குடுவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த மருந்து மதுரையில கிடைக்குமாடா? வர்ற டிசம்பர்ல மறுபடி லைன் போறேன்."

லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு ஃபில்டர், ஒரு பாட்டில் மருந்து, ஒரு பெரிய ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க் எங்க அத்தை உபயம்.