மேசையேறிய தடுக்கு

நம் பாட்டன் பாட்டியர் காலத்து யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் உணவு மேசை ஓர் அரிய பொருள். விருந்தினர் படலையைத் திறந்து உள்ளே வந்ததும், "பிள்ளை, தடுக்கை எடுத்துப் போடு" என்ற குரலே முதலில் எழும். பனையோலையால் இழைத்த அச்சிறு பாயில் அமர்ந்தே பெரியவரும் சிறியவரும் உண்டனர். காலப்போக்கில் மேசையும் கதிரையும் வீட்டினுள் புகுந்தன. தடுக்குப் பரண்மேல் ஏறிற்று. பின்னர் அங்கிருந்தும் மறைந்தது.

மேசை வந்தபொழுது அதனுடன் ஒரு தொல்லையும் வந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய கறிச்சட்டியைப் பொலிஷ் பூசிய பலகைமேல் வைத்தால், எடுத்த இடத்தில் வட்டமாக ஒரு வெண்மறு நிற்கும். சூட்டினால் ஈரம் பூச்சினுள்ளே புகுந்துவிடுவதே அதற்குக் காரணம். இதைத் தவிர்க்கக் கடையிலே பிளாஸ்ரிக் விரிப்புகளை வாங்குகின்றோம். அவை சூடு பட்டதும் நெளிகின்றன. மஞ்சட்கறை பிடித்தால் எளிதில் போவதில்லை. பரண்மேல் போன தடுக்கையே மீண்டும் இறக்கி மேசைமேல் ஏற்றினால் என்ன? அதனையும் கடையில் வாங்காமல், நமது மேசைக்கு ஏற்ற அளவில், நமது விருப்பத்துக்கேற்ற கோலத்தில், நாமே இழைத்துக்கொண்டால் என்ன?

பனையோலை சூட்டைத் தாங்குமா என்று சிலர் ஐயுறலாம். அன்னார் பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். கொதிநீரின் ஆவியிலே நாள்தோறும் வெந்தும் அப்பெட்டி நெடுநாள் உழைக்கின்றது. உணவுக் கோப்பையின் சூடும் கறிக் கிண்ணத்தின் சூடும் அதற்கு எம்மாத்திரம்? ஆயினும் எரியும் அடுப்பிலிருந்து நேரே இறக்கிய பெரிய சட்டிக்குத் திருகணையே தகும். தடுக்கை அதற்குப் பலியிட வேண்டாம்.

இக்கைவேலையை நான் கற்றது எங்கள் அயல் வீட்டு ஆச்சியிடம். இளமையிலே பாயும் பெட்டியும் இழைத்து விற்றுத் தம் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். "ஆச்சி, மேசைக்கு ஆறு தடுக்கு இழைக்கப் போகிறேன், சொல்லித் தாருங்கோ" என்று நான் கேட்டபொழுது அவர் என் கைகளைப் பார்த்துச் சிரித்தார். "எண்ணிப்போட்டு இழை பிள்ளை, இழைச்சுப்போட்டு எண்ணாதை" என்றார். அவ்வார்த்தையின் அருமை அன்று எனக்கு விளங்கவில்லை.

முதலில் ஓலையைப் பற்றிக் கூறுவோம். முற்றிய பச்சோலை இவ்வேலைக்கு உதவாது. விரியாத இளங்குருத்தை வெட்டி, வெயிலில் உலர்த்திப் பெறும் சார்வோலையே வேண்டும். அது வெளிறிய நிறமும் மென்மையும் உடையது. பனைமரம் ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலை வீதமே புதிதாக விடுகின்றது. ஆதலின் ஒரே வடலியில் அடுத்தடுத்துக் குருத்து வெட்டுதல் மரத்தை நலியச் செய்யும். மரத்துக்கு மரம் மாறி வெட்டுவதே முறை.

உலர்ந்த ஓலையின் நடுவில் ஓடும் ஈர்க்கை நீக்கினால் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாகும். அப்பாதிகளைச் சம அகலமுள்ள வார்களாக வாருதல் வேண்டும். ஒரு மரத்துண்டில் இரண்டு கூரிய ஊசிகளை அரை அங்குல இடைவெளியில் இறுக்கி, ஓலையை அவற்றினூடே இழுத்தால் வார்கள் ஒரே அகலமாக வரும். இவ்வேலையில் அவசரம் கூடாது. அவசரப்பட்டு நான் அடைந்த பயனை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஊசி கட்டும் பொறுமை இல்லாமல் கண்மதிப்பிலே ஓலையைக் கிழித்து முதல் தடுக்கை இழைத்தேன். முடித்து அளந்து பார்த்தால் ஒரு பக்கம் 14 அங்குல அகலம். மறுபக்கம் 12 அங்குலம்! காரணம் யாதெனில், ஓலை அடியில் அகன்று நுனியில் ஒடுங்குவது. நான் எல்லா அடிகளையும் ஒரே பக்கமாக வைத்து இழைத்திருந்தேன். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. தடுக்கை வாங்கி, வார் வாராகப் பிரித்து என் கையிலே தந்தார். அன்றைய பொழுது முழுவதும் வீணாயிற்று. ஆனால் பாடம் வீணாகவில்லை.

இனி அளவு. ஒருவர் பக்கத்திலிருப்பவரை இடிக்காமல் அமர்ந்து உண்ண, மேசை விளிம்பில் 24 அங்குலம் வேண்டும். உணவுக் கோப்பையின் விட்டம் சாதாரணமாக 10 அங்குலம். தண்ணீர்க் குவளைக்கும் சிறு கிண்ணத்துக்கும் இடம் விட்டால், தடுக்கின் நீளம் 18 அங்குலமும் அகலம் 12 அங்குலமும் ஆகும்.

உண்பவரிலிருந்து எதிர்ப்புறம் நோக்கி ஓடும் வார்களை நெடுக்கு வார் என்றும், இடமிருந்து வலமாக ஓடுவனவற்றைக் குறுக்கு வார் என்றும் கொள்வோம். வாரின் அகலம் அரை அங்குலமாயின், 18 அங்குலத்தை நிரப்ப 36 நெடுக்கு வார்களும், 12 அங்குலத்தை நிரப்ப 24 குறுக்கு வார்களும் தேவை. ஆக ஒரு தடுக்குக்கு 60 வார்கள். இரு முனைகளிலும் மடித்துச் செருகுவதற்கு 3 அங்குலம் விட வேண்டும். எனவே நெடுக்கு வார் ஒவ்வொன்றும் 18 அங்குலமும், குறுக்கு வார் ஒவ்வொன்றும் 24 அங்குலமும் நீளம் இருத்தல் வேண்டும். ஆறு தடுக்குகளுக்கு 360 வார்கள். இக்கணக்கை வீட்டிலுள்ள மாணவ மாணவியரிடம் விட்டுவிடலாம். பள்ளிக்கூடத்துக் கணிதம் குசினிக்கும் உதவுமென்பதை அவர்கள் கண்டுகொள்வார்கள்.

அடுத்தது கோலம். பின்னலின் அழகு இங்கேதான் பிறக்கின்றது. ஓலையைத் தொடுமுன் இரண்டு நிறக் கடதாசிகளை அரை அங்குல வார்களாக வெட்டி, பிள்ளைகளுடன் கூடியிருந்து இழைத்துப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். நெடுக்கு வார் எல்லாம் சிவப்பும் குறுக்கு வார் எல்லாம் வெள்ளையுமாக, ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் என்று இழைத்தால் தாயக்கட்டம் போன்ற கட்டங்கள் தோன்றும். இது எவரும் எதிர்பார்ப்பதே.

இப்போது நெடுக்கு வார்களைச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று ஒன்றுவிட்டொன்றாக அடுக்குங்கள். குறுக்கு வார்களையும் அவ்வாறே ஒன்றுவிட்டொன்றாகச் செலுத்துங்கள். மேலும் சிறிய கட்டங்கள் வருமென்று எண்ணுவீர்கள். ஆனால் கட்டம் ஒன்றுமே வராது. தடுக்கு முழுவதும் நேரான கோடுகள் ஓடும்! சிவப்புக் குறுக்கு வார் மேலே தெரியாத இடங்களிலெல்லாம் சிவப்பு நெடுக்கு வார் வந்து நின்று கோட்டை நிறைவு செய்துவிடுவதே இவ்விந்தையின் இரகசியம்.

விந்தை இத்துடன் முடியவில்லை. எல்லாவற்றையும் அப்படியே வைத்து, முதற் குறுக்கு வாரைச் சிவப்புக்குப் பதிலாக வெள்ளையில் தொடங்குங்கள். படுத்திருந்த கோடுகள் எழுந்து நிற்கும், நின்றவையாயின் படுத்துவிடும். ஒரே ஒரு வாரின் இடமாற்றம் முழுத் தடுக்கையும் திருப்பிவிடுகின்றது.

இதைக் கண்டபின் நான் எங்கள் வீட்டுக்கென ஒரு கோலம் வகுத்தேன். நெடுக்கு வார்கள் 36இலும் சிவப்பில் தொடங்கி ஒன்றுவிட்டொன்றாக வந்து, 18ஆவதையும் 19ஆவதையும் வெள்ளையாகவே வைத்தேன். அதன் பின் மீண்டும் ஒன்றுவிட்டொன்று. குறுக்கு வார்களில் 12ஆவதும் 13ஆவதும் அவ்வாறே இரண்டும் வெள்ளை. இழைத்து முடித்ததும் தடுக்கு நான்கு பகுதிகளாகப் பிரிந்து தோன்றிற்று. எதிரெதிர் மூலைகள் இரண்டில் கோடுகள் நின்றன. மற்றைய இரண்டில் படுத்தன. சதுரக் கொப்பியில் இவ்வாறு பல கோலங்களை முன்கூட்டியே வரைந்து பார்க்கலாம். இரண்டுக்கு மேல், இரண்டுக்குக் கீழ் என்று இழைத்து, வரிக்கு வரி ஒரு வார் தள்ளிச் சென்றால் படிபோன்ற சாய்கோலம் கிடைக்கும்.

இழைக்கும் முறை எளிது. வார்களை ஈரத்துணியில் சிறிது நேரம் சுற்றி வைத்தால் முறியாமல் வளையும். நெடுக்கு வார்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பி, ஒரு பாரமான பலகையால் ஒரு முனையை அழுத்துங்கள். குறுக்கு வாரை நடுவிலிருந்து தொடங்கி ஒரு பாதியை முடித்த பின் மறுபாதியை இழையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் சிறிய பிழையும் மறு ஓரத்தை அடையும்போது பெரிதாகிவிடும். நாலைந்து வாருக்கு ஒருமுறை விரலால் நெருக்கி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஓலை உலரும்போது சுருங்கும்; ஆதலின் ஒரு நாள் விட்டு மீண்டும் நெருக்கிய பின்னரே விளிம்பை மடிக்க வேண்டும். கடைசி வாருக்கு மேலே நிற்கும் முனையைப் பின்புறமாகவும், கீழே நிற்பதை முன்புறமாகவும் மடித்து, எதிர்ப்படும் மூன்று நான்கு வார்களினூடே செருகி, மிஞ்சியதை வெட்டிவிடுக.

நிறமூட்டுவதிலே எச்சரிக்கை வேண்டும். உண்ணும் இடத்தில் வைப்பதாகையால் சாயம் கசியலாகாது. சாயநீரில் வாரை நன்கு கொதிக்க வைத்து, அலசும் நீர் தெளிவாக வரும்வரை அலசி, நிழலில் உலர்த்துக. மஞ்சளால் நிறமூட்டலாமென்று நானும் முயன்றேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் வெயில் பட்டதும் வெளிறிற்று. சவர்க்காரம் பட்ட இடமெல்லாம் சிவந்தது. மஞ்சளைக் கறியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தடுக்கைத் தண்ணீரில் ஊறப்போடுதல் தவறு. ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாற் போதும். மாரிமழைக் காலத்தில் அலுமாரியினுள் அடுக்கி மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் எறிக்கும் நாட்களில் வெளியே எடுத்து உலர்த்துக. மடித்து வைக்காமல் பரப்பி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

செய்முறை இவ்வளவே. ஆனால் நான் சொல்ல விரும்பியது செய்முறை மாத்திரமன்று.

ஓலை வாருவதிலிருந்து விளிம்பு செருகும்வரை ஒரு தடுக்குக்கு எனக்கு இரண்டு நாள் சென்றது. ஆறாவது தடுக்கை முடித்த அன்று மாலை ஆச்சியிடம், "இப்படி ஒரு தடுக்குக்கு என்ன விலை சொல்வீர்கள், ஆச்சி?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தடுக்கைத் திருப்பி, செருகிய முனைகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "சொல்லுற விலையை ஆர் பிள்ளை தாறது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ முறை சந்தையிலே ஓலைப்பெட்டி விற்கும் பெண்களிடம் நின்று, "ஓலைதானே, இவ்வளவு விலையா?" என்று வாதாடி, குறைத்து வாங்கிய வெற்றியோடு வீடு திரும்பியவள் நான். அந்த "ஓலைதானே" என்ற சொல்லுக்குள்ளே குருத்து வெட்டியவரின் உழைப்பும், உலர்த்திய வெயிலும், வாரிய விரலும், குனிந்திருந்த முதுகும் அடங்கியிருப்பதை என் கைகள் வெட்டுப்பட்ட பின்னரே அறிந்தேன்.

பனைவளத்தைப் பேணவென 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. எனினும் 2009இல் முடிவுற்ற போரிலே பெருந்தொகையான பனைகள் அழிந்தன. குண்டுகளுக்குத் தலை இழந்தவை பல, பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டவை பல. மரத்தை மீண்டும் நாட்டலாம். ஆனால் இழைக்கத் தெரிந்த கை ஓய்ந்துவிட்டால், அதனை எந்தத் தோட்டத்தில் நாட்டுவது? உழைப்புக்கு உரிய விலை கிடைக்காத தொழிலைத் தன் மகளுக்கு எந்தத் தாய் மகிழ்ச்சியோடு கற்பிப்பாள்? ஆச்சியின் மகளுக்கு இழைக்கத் தெரியாது. அது மகளின் குற்றமன்று. என்னைப் போல் விலை குறைத்தவர்களின் குற்றமே.

ஆகையால் சகோதரிகளே, வரும் விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு தடுக்காயினும் இழைத்துப் பாருங்கள். முதல் தடுக்குக் கோணலாகத்தான் வரும்; பாதகமில்லை. எல்லாரும் இதைத் தொழிலாகக் கொள்ள வேண்டுமென்பதில்லை. ஒரு தடுக்கை இழைத்து முடித்தவர், அதன் பின் சந்தையில் ஓர் ஓலைப்பெட்டியைக் கையில் எடுக்கும்போது அதனைத் திருப்பி விளிம்பைப் பார்ப்பார். சொன்ன விலையைக் கொடுப்பார்.

இப்பொழுது எங்கள் மேசையில் ஆறு தடுக்குகள் இருக்கின்றன. வீட்டில் நாங்கள் ஐவரே. ஆறாவதன் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆச்சி வந்து அமர்கின்றார்.